தரை உங்களுக்கு, சுவர் எனக்கு

சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் ஒரு முனகல்கூட முனகவில்லை.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழை மறுபடி திருப்பினேன். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். மறுபடி சிவப்பு. என் உள்ளங்கை நீளமுள்ள அந்த டீசல் எஞ்சின், சுவரில் நான் மாட்டிய பன்னிரண்டு அடி இரும்புத் தட்டின் ஒரு கோடியில், வடம் பிடிக்க ஆள் வராத தேர் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மச்சான் தண்டபாணி உட்கார்ந்திருந்தார். கமலாவின் அண்ணன். கமலா என் மனைவி. மச்சான் உஸ்மானியா பிஸ்கட்டைச் சாயாவில் முக்கி, அது ஊறி உடைந்து விழுவதற்கு ஒரு நொடி முன்னால் வாய்க்குள் தள்ளினார். அந்தக் கணக்கு மட்டும் அவருக்குத் தப்பவே தப்பாது.

“சிவப்பு விளக்கு வந்தா வண்டி நிக்கணும் மாப்ளே. அதான் ரூல். உங்க வண்டி ரூல்படி சரியாத்தான் நிக்குது.”

வாசற்படியில் நின்ற கமலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“பழுது எங்கேன்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேளுங்க, சொல்லிடறேன்” என்றார் மச்சான்.

நான் கேட்கவில்லை. ஹைதராபாத்தின் ஜீடிமெட்லாவில் பாதி மருந்துக் கம்பெனிகளின் கோடவுனைத் தாங்கி நிற்பது என் கை செய்த இரும்பு ரேக். நான் போய், ரயில்வே சிக்னல் பிரிவில் ஸ்பானர் தூக்கி ஓய்வு பெற்ற ஒருவரிடம், ‘மச்சான், என் வண்டி ஏன் ஓடவில்லை?’ என்று கேட்பதா?

அந்த ஒரு வார்த்தையைக் கேட்காததால் என் வீட்டில் எனக்கு ஓர் அறை போயிற்று. இந்த வாரம் அந்தக் கதைதான்.

ஆறாங்கிளாஸ் மாப்பிள்ளை

முதல் வெல்டிங் மெஷின் வாங்கிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, ‘ஐயாவுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். கொஞ்சம் என்று எழுதியதற்கு நன்றி அம்மா. நான் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன். ஆனால் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தே அது எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அதே எண்ணைச் சொல்ல இன்ஜினீயருக்கு அரை மணி நேரமும் ஒரு லேப்டாப்பும் வேண்டும்.

எங்கள் தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து செகந்திராபாத் பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப். ஆறாங்கிளாஸ் பையன் வேண்டாம் என்று என்னை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நஷ்டம் ரயில்வேக்கு.

கமலாவைப் பெண் பார்த்தது அதே ரயில்வே காலனியில்தான். கேசரித் தட்டோடு நான் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதுதான் வேலை நிரந்தரமான தண்டபாணி மச்சான், உள்ளே தன் அப்பாவிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. குவார்ட்டர்ஸ் சுவர் ரகசியம் தாங்காது.

“ஆறாங்கிளாஸ் படிச்சவனுக்கா நம்ம கமலா? கையில ஒரு நிரந்தர வேலைகூட இல்லையேப்பா.”

கேசரி நெஞ்சில் நின்றுவிட்டது. பின்னாளில் டாக்டர் எனக்கு ஸ்டென்ட் வைத்தது ஏறக்குறைய அதே இடத்தில்தான்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொன்றையும் அவர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் செய்தேன். ஜீடிமெட்லாவில் ரேக் செய்யும் ஷெட் போட்டேன். ரிப்பன் வெட்ட அவரைக் கூப்பிட்டேன். கார் வாங்கினேன், கோயிலுக்குப் போவதற்கு முன்னால் அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பேகம்பேட்டில் மூன்று அறை ஃப்ளாட் வாங்கினேன். குளியலறைக் குழாய் வரைக்கும் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “காத்து நல்லா வருது மாப்ளே” என்றார். அவ்வளவுதான். நாற்பது வருட உழைப்புக்கு அந்த மனிதர் கொடுத்த சர்டிபிகேட் அது.

என் தொழிலுக்கு விளம்பரப் பலகை கிடையாது. கம்பெனி மேனேஜர் முன்னால் போய் நின்று நாலே வார்த்தை சொல்வேன். ‘தரை உங்களுக்கு, சுவர் எனக்கு.’ தெலுங்குக்காரருக்குத் தெலுங்கில், மற்றவர்களுக்கு நம்ம ஹைதராபாத் ஹிந்தியில். சரக்கெல்லாம் சுவரோரமாக என் ரேக்கில் ஏறிவிடும், தரை முழுக்க உங்களுக்கு மிச்சம் என்று அர்த்தம். ஆர்டர் விழாத நாள் கிடையாது.

ஸ்டென்ட் வைத்த பிறகு ஷெட்டை மகன் எடுத்துக்கொண்டான். “அப்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க. நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கு ரெண்டு பேர் வேலைய விட்டு நிக்கிறாங்க” என்றான். சரியென்று வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த மூன்றாவது நாள் கமலா ஆரம்பித்தாள்.

“எங்கண்ணன் மௌலாலியில மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அண்ணி போனதுலேர்ந்து தனியா. முட்டி வலியில ஒவ்வொரு படியிலயும் உக்காந்து உக்காந்து ஏறுதுங்க. நம்ம கடைசி ரூம் சும்மாத்தானே கெடக்கு?”

வாசகர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? தினமும் காலையில் இட்லியோடு அந்த முகத்தையும் பார்க்க வேண்டுமா?

“அந்த ரூம் சும்மா இல்ல. அதுல ஒரு வேலை இருக்கு” என்றேன்.

என்ன வேலை என்று அப்போது எனக்கே தெரியாது.

பெட்டியைப் பிரிக்காத ரயில்காரர்கள்

வேலை மாதாப்பூரிலிருந்து வந்தது. பிரசன்னா என்று ஒரு சாப்ட்வேர் மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர், அலமாரி வேண்டுமென்று கூப்பிட்டார். அவரும் அவர் நண்பர்களும் பொம்மை ரயில் சங்கம் வைத்திருக்கிறார்கள். பொம்மை என்றால் கோபம் வரும். ‘மாடல் ரயில்’ என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அடுக்குமாடியின் கிளப்ஹவுஸில் கூட்டம். ஏ.சி., காபி, புரொஜெக்டர் எல்லாம் உண்டு.

ஒருவர் தூசியைப் பற்றி நாற்பது நிமிடம் படம் போட்டுப் பேசினார். இன்னொருவர் தன் ஸ்டேஷனுக்கு என்ன பெயர் வைப்பது என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறாராம். ஸ்டேஷன் இன்னும் கட்டவில்லை. எல்லோரிடமும் எஞ்சின் இருக்கிறது. எல்லா எஞ்சினும் பெட்டிக்குள் இருக்கிறது.

“ஏன் தம்பி, எடுத்து ஓட்டக்கூடாதா?” என்று கேட்டேன்.

“ஐயோ, பெட்டியப் பிரிச்சா வேல்யூ போயிடும் அங்கிள்.”

ரயில் என்பது ஓடுகிற ஒரு பொருள் என்கிற செய்தியை அவர்களுக்கு யாரும் ஈமெயிலில் அனுப்பவில்லை போலிருக்கிறது.

பிரசன்னா போனில் ஒரு படம் காட்டினார். சுவரில் ஒற்றைத் தட்டு. ஓரடி அகலம். இந்தக் கோடியில் சின்ன ஸ்டேஷன், அந்தக் கோடியில் சின்னக் கோடவுன், நடுவில் தண்டவாளம். வட்டமடிக்கிற ரயில் இல்லை; இங்கிருந்து அங்கே போகும், வேகனைக் கழற்றிவிட்டுத் திரும்பி வரும். “இதுக்கு இடமே வேணாம் அங்கிள். ஒரு ஷெல்ஃப் போதும்” என்றார்.

ஷெல்ஃப்! இத்தனை வருடமாக நான் வேறென்ன செய்தேன்? அங்கேயே எழுந்து நின்று, ஒரே மாதத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சபையில் சொன்னேன். கைதட்டினார்கள். ஒருவர் மட்டும், “என்ன ஸ்கேல்ல பண்றீங்க அங்கிள்?” என்றார். “பன்னெண்டு அடி” என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் கடைசி அறை இனி ரயில் அறை என்று அறிவித்தேன்.

“கைக்கு? எதுக்குங்க, ஒரு பலகைக்கு முழு ரூமா?”

“ஆள் நடமாட்டம் ஆகாது. தூசி பட்டா வண்டி நின்னுடும்.” தூசிப் பேச்சு நாற்பது நிமிடமும் வீண் போகவில்லை.

ஆடி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

“சரி. ஆடியில யாரும் வீடு மாற மாட்டாங்க. ஆடி முடியறதுக்குள்ள உங்க ரயில் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்துட்டா, ரூம் ரயிலுக்கு. வரலைன்னா எங்கண்ணனுக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“மாறினா நான் ரேக் போட்டவனே இல்ல.”

இரும்பு என்றால் இரும்பு

பிரசன்னா பிளைவுட் பலகை போடச் சொன்னார். மேலே தெர்மாகோல் ஒட்டச் சொன்னார். தெர்மாகோல்! கல்யாண மேடையா கட்டுகிறோம்? மருந்துக் கம்பெனிக்குப் போடும் அதே கனத் தகட்டை ஷெட்டிலிருந்து வரவழைத்தேன். நானே வெல்டிங் போட்ட ஏழு பிராக்கெட். நெஞ்சு உயரத்தில் சுவரில் துளை போட்டு முடுக்கினேன். ஆளே ஏறிப் படுக்கலாம். மேலே ஓடப்போகும் எஞ்சினோ ஒரு கொய்யாப்பழக் கனம்.

பிறகு தண்டவாளப் பெட்டியைப் பிரித்தேன். ரத்தம் கொதித்தது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காக வருகிற ஸ்லீப்பர் கட்டை முழுக்கப் பிளாஸ்டிக்! சின்ன வயதில் எங்கள் காலனிக்கு வெளியே லைனில் இரும்பு ஸ்லீப்பரைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெயில் நேரத்தில் அதன்மேல் வெறுங்காலை வைத்து ஓடிய சூடு இன்னும் பாதத்தில் இருக்கிறது. என் லைனில் பிளாஸ்டிக்கா?

தண்டவாளக் கம்பிகளை அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து உருவி எடுத்தேன். இரும்புப் பட்டியை விரல் நீளத்துக்கு வெட்டி, அரம் போட்டு, ஒவ்வொன்றாகக் கம்பிக்கு அடியில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். நானூற்றுச் சொச்சம் கட்டைகள். தெருவில் போனாலுப் பண்டிகை ஊர்வலம் மேளம் அடித்தபடி போகும். நான் உள்ளே புகையில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பேன். முடித்துவிட்டுப் பார்த்தேன். ரயில்வே மந்திரியே வந்தாலும் குனிந்து தொட்டுப் பார்ப்பார்.

தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் பட்டைகளைக் கமலா பழைய டிபன் பையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள்.

“அது எதுக்கு?”

“இருக்கட்டும்.”

அவள் இந்த வீட்டில் எதையும் தூக்கிப் போட்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல மச்சானை நான்தான் கூப்பிட்டேன். அவர் காற்று நன்றாக வருகிறது என்று சொல்ல முடியாதபடி ஜன்னலைச் சாத்தி வைத்தேன். பிறகு நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே படித்தீர்கள்.

அடுத்த நாளிலிருந்து உலகத்தில் உள்ள எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன். கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினேன். விற்ற கடைக்காரரை மூன்று மொழிகளில் திட்டினேன். வேறு எஞ்சின் வாங்கினேன். அதற்கும் சிவப்பு. கடைசியில் பிரசன்னாவைக் கூப்பிட்டேன்.

“ரொம்ப இன்ட்ரஸ்டிங் பிராப்ளம் அங்கிள். அடுத்த மீட்டிங் அஜெண்டாவுல போடறோம்.”

அவர்களில் ஒருவர்கூட இதுவரை குமிழைத் திருப்பியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு ஊர்ப் பஞ்சாங்கம்

ஆடி முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இரண்டு வாரத்தில் நான் ஒரு கோடவுனையே நிரப்பியிருக்கிறேன். தைரியமாகத்தான் இருந்தேன்.

ஒரு நாள் காலை கமலா தலைக்குக் குளித்து, பக்கத்து ஃப்ளாட் தெலுங்கு அம்மா கொடுத்த மஞ்சள் குங்குமத்தோடு வந்து நின்றாள்.

“ஸ்ராவணம் பொறந்தாச்சு. அண்ணன் சாயங்காலம் வருது.”

“ஆடி முடியலியே!”

“ஆடி ஜோலார்பேட்டையில. இது ஹைதராபாத்து. இங்க நல்ல மாசம் வந்தாச்சு.”

“நாம தமிழங்க. நமக்கு நம்ம பஞ்சாங்கம்தான்.”

“ஹவ்? அப்படியா? ஜீடிமெட்லா ஷெட்டுக்குப் பூஜை எப்போ போட்டீங்க? ஆடியிலதானே? எங்கப்பா கேட்டதுக்கு, ‘மாமா, இந்த ஊர்ல இப்ப ஸ்ராவணம்’னு சொன்னது யாரு?”

சொன்னது நான்தான். அந்தப் பஞ்சாங்கத்தில்தான் இத்தனை வருடம் ஆடியிலும் தொழிலை வளர்த்தேன்.

“சரி, வரட்டும். கட்டிலை எங்க போடுவே? சுவர்ல ரயில் இருக்கு.”

அவள் என் டூல் பையைத் திறந்து என் டேப்பை எடுத்தாள். தட்டின் அடியிலிருந்து தரை வரைக்கும் இழுத்தாள். பிறகு சுவர் நீளத்துக்கு இழுத்தாள். ‘சட்’டென்று டேப்பை விட்டாள்.

“உங்க ரேக்குக்குக் கீழ கட்டில் தாராளமா போவும். பெட்டியும் வைக்கலாம். எத்தனை கம்பெனிக்குப் போய்ச் சொல்லியிருக்கீங்க, தரை உங்களுக்கு, சுவர் எனக்குன்னு? இன்னிக்கு எனக்கு ஒரு தடவை சொல்லுங்களேன்.”

என் வாசகம் எங்கேயும் தோற்றதில்லை. அன்றைக்கும் தோற்கவில்லை. ஆர்டர் விழுந்தது. வாங்குகிற பக்கத்தில் நான் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

கேட்டேன்

ஒரு தகரப் பெட்டி, ஒரு சுருட்டிய மெத்தை, ஒரு அலாரம் கடிகாரம். மச்சானின் நாற்பது வருடம் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியது. லிஃப்டில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்தவர், ஒரு படிகூட ஏறாமல் வந்துவிட்டதை நம்ப முடியாதவர்போல் கீழே குனிந்து பார்த்தார்.

இரண்டு நாள் நான் அந்த அறைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். அவர் கட்டிலில் மல்லாந்து, தலைக்கு மேலே இருந்த என் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெல்டிங் நல்லா இருக்கு மாப்ளே” என்றார்.

நாற்பது வருடம். ரிப்பன், கார், ஃப்ளாட், குழாய். கடைசியில் அது வந்தது, தகட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்து. நான் மேல் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“மச்சான்… வண்டி ஏன் ஓடல?”

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கரண்ட் எதுல போவுது?”

“ரெண்டு தண்டவாளத்துலயும்.”

“ஒண்ணுல போய் இன்னொண்ணுல திரும்புது. நடுவுல எஞ்சின் வந்து நின்னாத்தான் ரெண்டும் சேரணும். நீங்க எஞ்சின் வர்றதுக்கு முன்னாடியே நானூறு எடத்துல இரும்பை வச்சுச் சேத்துட்டீங்க. கரண்ட் குறுக்கால ஓடிருது. அது ஏன் எஞ்சினுக்குப் போவும்?”

“ரயில்வேயில இரும்பு ஸ்லீப்பர் இருந்துச்சே! நான் பாத்திருக்கேனே!”

“அது காலனிக்கு வெளிய, வெறும் லைன். ஸ்டேஷன்ல சிக்னல் கரண்ட் ஓடற தண்டவாளத்துக்கு நாங்க மரக்கட்டைதான் போடுவோம். அதுக்குத்தானே மாப்ளே எனக்குச் சம்பளம்.”

“இது அன்னிக்கே தெரியுமா?”

“ரூம் வாசல்லயே தெரிஞ்சிருச்சு.”

“அன்னிக்குச் சொல்லியிருந்தா வண்டி ஓடியிருக்கும். இந்த ரூம் உங்களுக்கு வந்திருக்காதே?”

“வராட்டி மௌலாலி படிக்கட்டு எங்க போவுது? கேட்டா சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன். இத்தனை வருஷத்துல எதெதையோ கூப்ட்டுக் கூப்ட்டுக் காட்டினீங்க. ஒண்ணுகூட என்னைக் கேட்டதில்லையே.”

நான் பழையதை எடுத்து வீசினேன். “ஆறாங்கிளாஸ்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

மச்சான் கட்டில் குலுங்கச் சிரித்தார். “அடடா! அது உங்க காதுல விழுந்துச்சா அன்னிக்கு? நான் ஒன்பதாவது ஃபெயிலு மாப்ளே. ரெண்டு கிளாஸ் கூடப் படிச்ச திமிரு, அந்த வயசுல.”

ஒன்பதாவது ஃபெயில்! ஒரு ஒன்பதாவது ஃபெயிலோடு போட்டி போட்டா நான் ஒரு தொழிற்சாலை, ஒரு கார், ஒரு ஃப்ளாட், ஒரு ஸ்டென்ட் சம்பாதித்தேன்? வாசலில் நின்ற கமலாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? நீங்க கேட்டாத்தானே?”

உள்ளே போய் அந்த டிபன் பையைக் கொண்டுவந்தாள். நானூற்றுச் சொச்சம் இரும்புக் கட்டைகளையும் நானே ஈயம் உருக்கிக் கழற்றினேன். பிளாஸ்டிக் பட்டையில் கம்பியைத் திரும்ப நுழைத்தது மச்சான். ஒன்றே ஒன்றை மட்டும், தண்டவாளம் முடிகிற இடத்துக்கு அப்பால், கம்பியைத் தொடாமல் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் காட்டாமல் விடுவதில்லை.

மறுநாள் குமிழைத் திருப்பினேன். சிவப்பு இல்லை. தையல் மெஷின் மெதுவாக ஓடுகிற சத்தம், லேசான எண்ணெய் வாசனை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று, திரும்பி வந்தது. ஆடி முடிய அப்போதும் ஒரு வாரம் இருந்தது. என் பஞ்சாங்கப்படி பந்தயத்தில் ஜெயித்தது நான்தான். கமலாவிடம் இதைச் சொன்னேன். “சாப்பிட வாங்க” என்றாள்.

இரண்டு முதல் நாலு வரை

இப்போது நிலைமை இப்படி இருக்கிறது.

மச்சான் ஐஸ்கிரீம் குச்சிக்குச் சிவப்பு அடித்து, கைகாட்டி சிக்னல் ஒன்று செய்து என் ஸ்டேஷனில் நட்டுவிட்டார். அதிலிருந்து ஒரு கயிறு கட்டிலுக்கு இறங்குகிறது. படுத்தபடியே இழுப்பார். குச்சி கீழே சாய்ந்தால்தான் வண்டியை எடுக்கலாம். மதியம் இரண்டு முதல் நாலு வரை லைனில் பராமரிப்பு வேலையாம். அந்த நேரத்தில் அவர் குறட்டை விடுகிறார்.

மாதாப்பூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். என் தட்டை அல்ல, அந்தக் கயிற்றை. இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிறு மச்சான் கிளப்ஹவுஸில் ரயில்வே விதிகள் பற்றிப் பேசுகிறார், குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சின் பெட்டியை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. போன கூட்டத்தில் பிரசன்னா என்னை அறிமுகப்படுத்தியது, “சாரோட மாப்பிள்ளை, ஷெல்ஃப் உபயம்” என்று.

இதை எழுதும்போது மணி மூன்று நாற்பது. எஞ்சினில் இரண்டு வேகன் மாட்டி வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை என் தட்டின்மேலேயே வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன். கமலா சாயா கொண்டுவந்தாள்.

“எவ்வளவு நேரம் நிப்பீங்க? உங்க வீடு, உங்க ரயிலு. அண்ணனை எழுப்பட்டுமா?”

“நக்கோ, வேணாம்” என்றேன். “சிக்னல் விழாம வண்டி எடுக்கக் கூடாது.”

நாற்பது வருடத்தில் யாருக்காகவும் ஒரு இடத்தில் இவ்வளவு நேரம் நான் காத்து நின்றதில்லை. இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கயிறு அசைகிறது. பேனாவை மூடுகிறேன், வண்டியை எடுக்க வேண்டும்.